துலுக்கிக் கொடுத்த பிக்கப்

கன்னிமார்பாளையத்துல ஒரு பிக்கப் வண்டி கெடா மாதிரி ஒடம்பத் துலுக்குச்சுன்னு நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க, பக்கத்து ஊர்க்காரன் எவனாச்சும் அது தலையாட்டுச்சு, கண்ணு செவந்துச்சு, மூச்சு விட்டுச்சுன்னெல்லாம் சேத்துச் சொல்லியிருப்பான், அந்த வெட்டிப் பேச்சக் காதுல போட்டுக்காதீங்க. அந்த வண்டி என்ற எடைமேடையில ஏறி எறங்குன வண்டி, அதோட வெறும் எடை ஆயிரத்து எழுநூத்து நாப்பது கிலோ, கண்ணு ரெண்டு, அதுலயும் இடது கண்ணு எரியாது, மூச்செல்லாம் விடல, துலுக்க மட்டுந்தான் துலுக்குச்சு.

துலுக்கறதுன்னா என்னன்னு தெரியாதவங்க இருந்தாச் சொல்லிப்போடறேன். எங்க பக்கம் கருப்பராயனுக்குக் கெடா வெட்டறதுக்கு முன்னால அது மேல மஞ்சத்தண்ணிய ஊத்தி, "அப்பனே, உனக்குச் சம்மதமா?"ன்னு கேட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிப்போம். கெடா கழுத்துல இருந்து வால் வரைக்கும் ஒடம்பச் சிலுப்பி உதறுச்சுன்னா சாமி ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தம், அப்பவே வெட்டு. உதறலைன்னா ஒத்துக்கலை, அதுக்கப்புறம் அதத் தொடக் கூடாது. காதுல தண்ணி போனா எந்த ஆடும் உதறத்தான் செய்யும்னு ஆடு மேய்க்கற அத்தன பேருக்கும் தெரியும், ஆனா கோயில்ல நிக்கறப்ப மட்டும் யாருக்கும் தெரியாது.

வண்டிக்கு ஆசப்பட்டவ மயிலாத்தாள். ஒம்போது வருசமா கருணாமூர்த்தியோட காய்மண்டியில முருங்கைக்காய் கட்டுக்கட்டுனவ அவ. எங்க ஊரச் சுத்தி முருங்கைதான் வெள்ளாமை, மாசி பொறந்தா மரம் மரமாக் கொட்டும், பறிச்ச காய் ரெண்டு நாள் தாங்கும், மூணாம் நாள் வதங்கிச் சுருண்டு போயி ஆடுகூட மோந்து பாத்துட்டு நகந்துக்கும். சின்னத் தோட்டக்காரங்க யாருகிட்டயும் வண்டி கெடையாது, வண்டி இருக்கறது கருணாமூர்த்திகிட்ட மட்டும், அதனால அவரு சொன்னதுதான் வெல, அவரு சிரிச்சாச் சந்தை ஏறியிருக்கு, மொறச்சா எறங்கியிருக்கு. இதையே ஒம்போது வருசம் பக்கத்துல ஒக்காந்து பாத்த மயிலாத்தாள் ஒரு நாள் கட்டுக்கயித்தக் கீழ போட்டுட்டு எந்திரிச்சு, பதினாலு தோட்டத்துக்கும் நடந்தே போயி, "பங்குனி ஒண்ணாந்தேதி என்ற சொந்த வண்டியில வந்து காய் எடுக்கறேனுங்க, ஒட்டன்சத்திரம் சந்தையில என்ன வெலைக்குப் போச்சோ அத அப்படியே உங்ககிட்டச் சொல்லறேனுங்க"ன்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டா. பதினாலு பேரும் அவள நம்புனாங்க. விசயம் கருணாமூர்த்தி காதுக்குப் போச்சு, அவரும் சிரிச்சுக்கிட்டே, "பங்குனி ஒண்ணு வரைக்கும் பொறுக்கறேன், அன்னிக்கு அவ வண்டி சந்தைக்குப் போகலைன்னா என்ற வண்டியும் அந்தத் தோட்டங்களுக்கு இந்த வருசம் வராது"ன்னு சொல்லி அனுப்புனாரு. ஆகக்கூடி, அன்னிக்கு மயிலாத்தாள் காயோட போகலைன்னா பதினாலு குடும்பத்து வெள்ளாமை மரத்துலயே காஞ்சு நெத்தாப் போகும், அப்புறம் அந்த ஊருக்குள்ள அவ தல நிமிந்து நடக்க முடியாது.

லைசென்ஸ் எடுத்துட்டா, ட்ராக்டர் ஓட்டிப் பழகுன கை. பேங்க்ல லோனும் ஆயிருச்சு. பாக்கி ஒரே ஒரு கேள்விதான்: புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதா? லோன் அவ ஊட்டுக்காரன் சென்னியப்பன் பேருல இருந்ததால பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

சென்னியப்பன் தங்கமான மனுசன், அவனப் பத்தி ஒரு குத்தம் சொல்ல முடியாது, ஆனா ஒரு முடிவ எடுக்கறது மட்டும் அவனால ஆகாது. சலூன்ல மீசைய எடுக்கட்டுமா வைக்கட்டுமான்னு கேட்டதுக்கு யோசிச்சுச் சொல்றேன்னு பாதி மீசையோட எந்திரிச்சு வந்து ரெண்டு நாள் சுத்துனவன். அப்படிப்பட்டவன் வாய மூடிக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டு எதையாச்சும் வாங்கித் தொலைச்சிருக்கலாம், பாவி, ஊரக் கேட்டான்.

ஊரக் கேட்டா ஊரு சும்மா இருக்குமா? "புதுசே வாங்கு, பழசுங்கறது அடுத்தவன் பீடைய நாம வெல குடுத்து வாங்கறது"ன்னு ஒருத்தரு, "பழசே வாங்கு, புதுசு ஷோரூம் வாசப்படி தாண்டுனதும் பாதி வெல போச்சு"ன்னு ஒருத்தரு, "புதுசுன்னா கண்ணு படும்"னு ஒருத்தரு, "பழசுன்னாப் பொகை விடும்"னு ஒருத்தரு, "புதுசு வாங்கிப் பழசாக்கு"ன்னு ஒருத்தரு, "பழசு வாங்கிப் புதுசாக்கு"ன்னு ஒருத்தரு, இப்படிச் சொந்தமா ஒரு சைக்கிள்கூட இல்லாத ஆளுங்க எல்லாம் சென்னியப்பன நடுவுல ஒக்கார வெச்சு டர்போவப் பத்தியும் டயரப் பத்தியும் பேசிப் பேசி, தை முழுசும் போயி மாசியும் பாதி போயிருச்சு. புதுசுக் கட்சி, பழசுக் கட்சின்னு ஊரே ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு கட்சிக்காரன் ஊட்டு எழவுக்கு இன்னொரு கட்சிக்காரன் போயி, பொணத்துக்கு மால போட்டுட்டு, "என்ன இருந்தாலும் மைலேஜ்னு ஒண்ணு இருக்குதுல்ல"ன்னு ஆரம்பிச்சான்.

புதுசுக் கட்சிக்குத் தலைவரு தாராபுரத்து ஷோரூம் மேனேஜர் கௌதமன், கழுத்துல டை கட்டி, சென்னியப்பன் போறப்பெல்லாம் டீயும் முறுக்கும் குடுத்து, ஆளு ஒசரத்துக்கு அட்டைச் சாவி ஒண்ணக் கையில குடுத்துப் போட்டோ புடிப்பாரு. சென்னியப்பன் பதினோரு போட்டோ புடிச்சுட்டு வந்தான், வண்டி வாங்கல. பழசுக் கட்சிக்குத் தலைவரு புரோக்கர் நடராசு, எதுத்த வரிசையில பழைய வண்டி விக்கறவரு, எந்த வண்டியக் காட்டுனாலும், "இது ஒரு வாத்தியாரு வெச்சிருந்ததுங்க, ஞாயித்துக்கெழமை மட்டும் எடுப்பாரு"ன்னுதான் சொல்லுவாரு. ஒன்றரை டன் பிக்கப்ப ஞாயித்துக்கெழமை எடுத்துக்கிட்டு அந்த வாத்தியாரு எங்க போனாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்ல.

மாசி இருபதாந்தேதி மயிலாத்தாளுக்குப் பொறுமை போச்சு. ரெண்டு கட்சியும் அவ ஊட்டு வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருக்கறப்ப, அரிசி களைஞ்ச தண்ணிய அப்படியே வாசல்ல வீசிட்டு, "அட கெரகம் புடிச்சவிங்களா, மனுசன் சொல்றதத்தான் எவனும் கேக்க மாட்டீங்க, ரெண்டு வண்டி மேலயும் மஞ்சத்தண்ணிய ஊத்திக் கெடாயக் கேக்கற மாதிரி கேளுங்க, எது துலுக்குதோ அத வாங்கித் தொலைங்க!"ன்னா.

கோவத்துல சொன்ன பேச்சு. வேற ஊரா இருந்தாத் தல குனிஞ்சுட்டுக் கலைஞ்சு போயிருப்பாங்க. எங்க ஊரு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து, "இது நல்ல யோசனையா இருக்குதே, இத்தன நாளா யாருக்கும் தோணலையே"ன்னுச்சு. சென்னியப்பன் மூஞ்சியில ரெண்டு மாசத்துக்கப்புறம் ரத்தம் ஓடுச்சு.

மறுநாள் பூசாரி ராக்கியண்ணன் வேப்பந்தழையும் சொம்புமா முன்னால போக, ஊரே பஸ் ஏறித் தாராபுரம் போச்சு. மொதல்ல ஷோரூம்ல புது வண்டிக்கு ஊத்துனாங்க. பூசை போடறாங்கன்னு நெனச்சுக் கௌதமனும் கையெடுத்துக் கும்பிட்டாரு. தண்ணி பளபளன்னு வழிஞ்சு கீழ எறங்குச்சு, வண்டி கல்லாட்டம் நின்னுச்சு. அப்புறம் எதுத்தாப்புல நடராசு எடத்துக்குப் போயி, பத்து வருசம் ஓடுன, கதவுல துரு புடிச்ச, வெள்ளையா இருந்து பழுப்பாப் போன பிக்கப் மேல ஊத்தி, "அப்பனே கருப்பராயா, இது உனக்குச் சம்மதமா?"ன்னு பூசாரி கேட்டு முடிக்கல, இஞ்சின் ஓடாத வண்டி, சாவி நடராசு பாக்கெட்டுல இருக்கற வண்டி, மூஞ்சியில இருந்து பின்கதவு வரைக்கும் ஒடம்ப ஒரு உதறு உதறி, கண்ணாடி கடகடன்னு ஆட, கொக்கிச் சங்கிலி சலங்கை மாதிரி குலுங்க, மஞ்சத்தண்ணிய அத்தன பேரு சட்டையிலயும் தெளிச்சு, அப்புறம் ஒண்ணுந் தெரியாத மாதிரி நின்னுக்குச்சு.

"துலுக்கிருச்சு!"ன்னாங்க எல்லாரும். பொம்பளைங்க கொலவை போட்டாங்க. வண்டி எப்படித் துலுக்கும்னு ஒருத்தர் கேக்கல, கேள்வியெல்லாம் புது வண்டி ஏன் துலுக்கலங்கறதுதான். "அதுக்கு சஸ்பென்ஷன் நல்லா இருக்குதுங்க, அதான்"னு கௌதமன் ரோட்டத் தாண்டி ஓடி வந்து சொல்லிப் பாத்தாரு. யாரு கேட்டா? அந்த மாசம் தாராபுரத்துல புது வண்டி ஒண்ணுகூட விக்கல. பழைய வண்டிகளுக்கு ஆளாளுக்குக் கொடத்தோட வந்து தண்ணி ஊத்துனதுல, நடராசுவோட வண்டிங்க பொறந்ததுல இருந்து கழுவாத கழுவல் கழுவிப் பளிச்சுன்னு ஆச்சு, ஆனா வேற எதுவும் துலுக்கல. கௌதமன் பாவம், மேலிடத்துக்கு லெட்டர் எழுதுனாரு, இந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு நனைஞ்சாத் துலுக்கற மாடல் வேணும்னு. பதிலுக்கு ஆறு பக்க ஃபாரம் ஒண்ணு வந்துச்சு, துலுக்கல் முன்பக்கம் வேணுமா பின்பக்கம் வேணுமான்னு கேட்டு.

மயிலாத்தாள் அந்தப் பழைய பிக்கப்ப வாங்கி, தானே ஓட்டிக்கிட்டு ஊரு எல்லைக்கு வந்தா. எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, எடைமேடையத் தாண்டறப்ப ஹாரன அடிச்சு, "அண்ணா, வாங்கிட்டனுங்க!"ன்னு கத்துனா, அத்தன சந்தோசம். அவ்வளவுதான், அடுத்த வளைவுல கோயில் வேப்பமரத்துக்கிட்ட ராக்கியண்ணன் கைய நீட்டி வண்டிய நிறுத்திட்டாரு.

"எங்கம்மிணி போற?"

"தோட்டத்துக்குங்க. காய் ஏத்திப் பாக்கோணுமில்லீங்க."

"துலுக்குனதுக்கு மேல லோடு ஏத்துவியா நீ? சாமி கேட்டு வாங்குன பொருளு இது. துலுக்குன கெடாய எவனாச்சும் மேய்ச்சலுக்கு ஓட்டுவானா?"

கேள்வி நியாயமா இருந்துச்சு, அதுதான் எங்க ஊரோட தரித்திரம், எங்க கேள்வியெல்லாம் நியாயமாத்தான் இருக்கும். அன்னிக்கே ஒரு கமிட்டி போட்டாங்க, கமிட்டிக்குத் தலைவரு கருணாமூர்த்தி. மனுசன் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "நம்ம ஊருக்கு இப்படி ஒரு பாக்கியமா! அது மேல முருங்கைக்காய ஏத்தறதா, சிவ சிவா"ன்னு சொந்தச் செலவுல வேப்பமரத்தடியில தகரக் கொட்டாய் போட்டு, வண்டிய அதுக்குள்ள நிறுத்திச் சுத்திக் கயிறு கட்டிட்டாரு.

மயிலாத்தாளுக்குத் தெரியாதா அந்தக் கண்ணீரோட வெல? ஆனா ஊரே கும்பிட்டுக்கிட்டு நிக்கறப்ப ஒருத்தி என்ன பண்ணுவா? தெனமும் காலையில சாவிய எடுத்துக்கிட்டு வந்து கயித்துக்கு இந்தப் பக்கம் நிப்பா. தோட்டக்காரங்க, "ஏம்மிணி, காய் முத்துது"ன்னு வந்து நிப்பாங்க. அவ சாவியத் திருப்பித் திருப்பிப் பாப்பா.

இதுக்குள்ள கேள்வி கேக்கறவங்க கூட்டம் வர ஆரம்பிச்சுது. கெணறு வெட்டலாமா, துலுக்குச்சு. கெணத்த மூடலாமா, துலுக்குச்சு. பொண்ண மேல படிக்க வெக்கலாமா, துலுக்குச்சு. அதே பொண்ணக் கட்டிக் குடுத்தரலாமா, அதுக்கும் துலுக்குச்சு. வரப்புத் தகராறுல அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சொம்போட வந்து, ரெண்டு பேருமே ஜெயிச்சு, ஊட்டுக்குப் போயி மறுபடியும் அடிச்சுக்கிட்டாங்க. தேர்தல்ல நிக்கற மூணு பேரும் வந்து மூணு பேருக்கும் ஜெயிப்புன்னு துலுக்க, மூணு பேரும் நன்றி சொல்லி போஸ்டர் ஒட்டிட்டாங்க. இல்லைன்னு ஒரு வார்த்த அதுக்குச் சொல்லத் தெரியல. நாலு ஊருல இருந்து வந்த ஐயாயிரம் பேருல ஒருத்தருக்குக்கூட அது ஒரு கொறையாத் தெரியல. எல்லாருக்கும் ஆமாம் சொல்ற சாமி எங்க கெடைக்கும்? அவனவன் என்ன பண்ணலாம்னு ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருந்தானோ, அதையே போயிப் பண்ணுனான்.

மாசி கடைசி வாரத்துல கருணாமூர்த்தி கமிட்டியக் கூட்டி, தொண்டையச் செருமிக்கிட்டு, "துலுக்குன கெடா வெட்டுப்படோணும். வெட்டாம வெச்சிருந்தா ஊருக்கு ஆகாது, இது நான் சொல்றதில்ல, மொறை"ன்னாரு. தேதியும் அவரே குறிச்சாரு: பங்குனி ஒண்ணு, காலையில.

யாரும் தூக்கிவாரிப் போட்டு நிக்கல. வண்டிய எப்படி வெட்டறதுங்கறதுதான் பேச்சு. பழைய இரும்புக் கடைக்காரரக் கூப்பிட்டு கேஸ் கட்டரோட வரச் சொன்னாங்க. அப்புறம் பங்கு. கெடாய்த் தல பூசாரிக்குங்கறது வழக்கம், அதனால முன்பக்கக் கேபின் ராக்கியண்ணனுக்கு. இஞ்சின்தான் ஈரல், அது கமிட்டித் தலைவருக்கு. தொடைக்கறி நாலு டயரும் ஊருல இருக்கற நாலு கொத்துப் பங்காளிங்களுக்கு. வயரெல்லாம் கொடலு, அத மஞ்சள் போட்டுக் கழுவிப் பிரிச்சுக் குடுக்கறதா, அப்படியே குடுக்கறதான்னு ரெண்டு நாள் சண்ட. வெள்ளைச்சாமின்னு ஒருத்தரு, ஸ்டெப்னி டயரு எந்தக் கணக்குல வருதுன்னு கேட்டு ஊரையே மண்டையப் பிச்சுக்க வெச்சுட்டாரு. வண்டி அவளோடதாச்சே, அவகிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமேன்னு ஒருத்தருக்கும் தோணல. சென்னியப்பன் ஒரு தடவ எந்திரிச்சு, "ஏனுங்க..."ன்னு ஆரம்பிச்சு, ஆட்சேபனை சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு ஒக்காந்துட்டான்.

பங்கு பிரிக்க மொத்த எடை தெரியோணும்னு வண்டிய என்ற எடைமேடைக்கு அனுப்புனாங்க. மத்தியானம், கமிட்டிக்காரங்க எல்லாம் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. மயிலாத்தாள் மட்டும் வண்டியோட நின்னா. அழுது அழுது வீங்குன கண்ணு, ஆனாக் கொரல் தெளிவா இருந்துச்சு.

"ஏனுங்கண்ணா, வெட்டறதுக்கு முன்னால மறுபடியும் தண்ணி ஊத்திக் கேக்கோணுமில்லீங்க?"

"ஆமா. வெட்டற எடத்துல துலுக்கோணும். அதுதான மொறை."

"அப்ப அது துலுக்காம நின்னா?"

"அப்புறம் எவனும் தொட முடியாது."

"எத்தன கிலோ ஏத்துனா அதால துலுக்க முடியாதுங்கண்ணா?"

நான் அவளையே பாத்தேன். இருவது வருசமா எடை போடறேன், இப்படி ஒரு கேள்விய யாரும் கேட்டதில்ல. பக்கத்துல உப்புக் குடோன், அம்பது கிலோ மூட்டைங்க. ரெண்டு பேரும் சேந்து சொமந்து ஏத்துனோம். ஐநூறு கிலோ ஏத்திக் கொடம் தண்ணிய ஊத்துனேன், எப்பவும் போல உதறுச்சு. எழுநூறு, உதறுச்சு. தொள்ளாயிரத்துல முக்கி முனகி உதறுச்சு. ஆயிரத்து இருநூறுல தண்ணி வழிஞ்சுது, வண்டி அசையல. மூணு தடவ ஊத்திப் பாத்தோம், அசையவே இல்ல. மயிலாத்தாள் மூட்டைய எறக்கிட்டே, "ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூறு"ன்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தா. பதினாலு தோட்டத்துக் காயும் சேந்தாக் கணக்காச் சரியா வரும்.

அன்னிக்குச் சாயங்காலமே அவ கமிட்டி முன்னால போயிக் கும்பிட்டு நின்னு, "வெட்டற கெடாய்க்கு மால போட்டுச் சோடிக்கறது வழக்கமில்லீங்களா? எனக்கு மால வாங்கத் தெம்பில்லீங்க, நாளன்னிக்குக் காலையில முருங்கைக்காயிலயே சோடிச்சுக் கூட்டியாறேனுங்க"ன்னா. கருணாமூர்த்தி புருவத்த நெறிச்சாரு. ஆனா ராக்கியண்ணன், "சோடிக்காம வெட்டறது குத்தமுங்க, அது மொறைதான்"னுட்டாரு. மொறைன்னு வந்துட்டா எங்க ஊருல அதுக்கப்புறம் பேச்சில்ல.

கருணாமூர்த்தி என்ன சாமானியமா? மொத நாளே ஆளு உட்டு, "நாளைக்கு அந்த வண்டி வெட்டுப்படப் போகுது, காய அவகிட்டக் குடுத்துட்டுத் தெருவுல நிக்காதீங்க, போனாப் போகுதுன்னு இந்த ஒருக்கா என்ற வண்டி வரும்"னு சொல்லியிருக்காரு. ஏழு தோட்டக்காரங்க பயந்து போயி அவருக்கே காயப் போட்டுட்டாங்க. அவங்களத் திட்டி என்ன பண்ண, பிள்ளகுட்டிக்காரங்க.

பங்குனி ஒண்ணாந்தேதி காலையில எட்டு மணிக்கு மயிலாத்தாள் வண்டி வந்துச்சு. மேடையில ஏத்துனா. பச்சப் பசேல்னு கட்டுக் கட்டா அடுக்கி, சுத்தியும் தொங்க விட்டுச் சோடிச்சிருந்தா. என்ற கண்ணு முள்ளு மேல போச்சு. ரெண்டாயிரத்து முன்னூத்தி எம்பது. வண்டி எடையக் கழிச்சா அறுநூத்தி நாப்பது கிலோ. ஆயிரத்து இருநூறுல பாதிக்குக் கொஞ்சம் மேல.

"ஏழு தோட்டந்தானுங்கண்ணா குடுத்தாங்க"ன்னா. "நெறையாத்தான் தெரியுது. போதுமுங்களா?"

அறுநூத்தி நாப்பதுக்கு அது உதறும்னு எனக்கு நல்லாத் தெரியும். எழுநூறுக்கே உதறுன வண்டி. ஆனா இந்த நேரத்துல அதச் சொல்லி என்ன ஆகப் போகுது? உப்புக் குடோனும் அன்னிக்குப் பூட்டிக் கெடக்குது, இன்னும் ஐநூத்தி அறுபது கிலோவுக்கு எங்க போவா?

"போதும் கண்ணு. தாராளமாப் போதும். போ"ன்னேன்.

அவ நம்பிப் போனா. நான் எடைமேடையப் பூட்டிட்டுப் பின்னாலயே ஓடுனேன்.

கோயில் முன்னால ஊரே கூடியிருந்துச்சு, பங்கு வாங்கறதுக்குக் கோணிப்பையும் அன்னக்கூடையுமா. கேஸ் கட்டர்காரரு கண்ணாடி போட்டுக்கிட்டுத் தயாரா நின்னாரு. ராக்கியண்ணன் மஞ்சத்தண்ணிய ஏந்தி, "அப்பனே கருப்பராயா, உன்ற பொருள வெட்டி உனக்கே தர்றோம், சம்மதமா?"ன்னு கேட்டு, மூஞ்சியில ஒரு சொம்பு ஊத்துனாரு.

நான் கண்ண மூடிக்கிட்டேன். சங்கிலிச் சத்தம் வரும் வரும்னு காதக் கூர்மையா வெச்சுக்கிட்டு நிக்கறேன், வரல. கண்ணத் தொறந்தேன். தண்ணி பானெட்டு மேல வழிஞ்சு, சொட்டுச் சொட்டா மண்ணுல விழுந்துச்சு. வண்டி நின்னுச்சு.

"இன்னொரு சொம்பு"ன்னாரு கருணாமூர்த்தி. ஊத்துனாங்க, நின்னுச்சு. "கொடத்துல ஊத்து"ன்னாரு. ஊத்துனாங்க, நின்னுச்சு. சட்டக்கைய மடிச்சு விட்டுக்கிட்டு அவரே ஏழு கொடம் ஊத்துனாரு, கேபின் மேல, கதவு மேல, காய் மேல, டயர் மேல. அப்புறம் பஞ்சாயத்துத் தண்ணி லாரிய வரவழைச்சுக் குழாயிலயே பீச்சுனாரு. ஊத்த ஊத்த முருங்கைக்காயெல்லாம் அப்பத்தான் பறிச்ச மாதிரி பச்ச கட்டி நின்னுச்சு. அந்த வண்டி, கெணறு வெட்டறவனுக்கும் மூடறவனுக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் மூணு வேட்பாளருக்கும் மாட்டேன்னு சொல்லத் தெரியாம உதறி உதறிக் கொடுத்த வண்டி, ஒரு நட்டு போல்ட்டுகூட அசையாம, லாரித் தண்ணி தீர்ற வரைக்கும் நின்னுச்சு.

ராக்கியண்ணன் சொம்பக் கீழ வெச்சாரு. "துலுக்கல. சாமி ஒத்துக்கல. இனிமே இத யாரும் தொடக் கூடாது"ன்னாரு, தனக்கு வரவேண்டிய கேபின ஏக்கமாப் பாத்துக்கிட்டே. கருணாமூர்த்தி தல முதல் கால் வரைக்கும் நனைஞ்சு போயி நின்னாரு. அவரு மேல தெறிச்ச தண்ணிக்கு அவருதான் வெடவெடன்னு உதறுனாரு. கோணிப்பைக்காரங்க மொணமொணன்னு கலைஞ்சாங்க. வெள்ளைச்சாமி மட்டும், அப்ப ஸ்டெப்னியாச்சும் கெடைக்குமான்னு கேட்டாரு.

மயிலாத்தாள் யாரையும் பாக்கல. பதினோரு மணிக்குச் சந்தை முடிஞ்சிரும். ஏறி ஒக்காந்து வண்டியக் கெளப்புனா. சென்னியப்பன் கதவப் புடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடி, "ஏம்புள்ள, நானும் வரட்டுமா, இல்ல ஊட்டுல இருக்கட்டுமா?"ன்னான்.

"எறங்கறப்பக் காயத் தூக்க ஆளு வேணும் மாமா. ஏறுங்க"ன்னா. அவன் யோசிக்காம ஏறிட்டான்.

நனைஞ்ச காய் நல்ல வெலைக்குப் போச்சுன்னு கேள்வி. திரும்பி வந்து ஏழு தோட்டத்துலயும் வெலையச் சொல்லிட்டு, மத்த ஏழு தோட்டத்துலயும் அதையே சொல்லிட்டு வந்திருக்கா. மறுநாள் காலையில பதினாலு தோட்டத்துலயும் காய் கட்டி ரோட்டுல வெச்சுட்டு நின்னாங்களாம்.

அன்னிக்குச் சாயங்காலம் வெறும் வண்டிய எடைமேடைக்கிட்ட நிறுத்தி எறங்கி வந்தா. "அண்ணா, உங்க கணக்கு அச்சாச் சரியா இருந்துச்சுங்க. நீங்க போதும்னு சொல்லலைன்னா நான் பயந்து திரும்பியிருப்பேன்"னா. அவ வண்டிக்குப் போட்ட எடைச் சீட்டு என்ற சட்டப் பையிலதான் இருந்துச்சு, அறுநூத்தி நாப்பதுன்னு.

"இனி மழைக்காலம் வந்தா ரோட்டுல துலுக்கிக் காயக் கொட்டிருமுங்களே. எத்தன கிலோவுக்குக் கொறையாம ஏத்தோணுமுங்கண்ணா?"

நான் வண்டியப் பாத்தேன். அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"நீ எவ்வளவு வேணா ஏத்து கண்ணு"ன்னேன். "மீதிய அது பாத்துக்கும்."